கையில் மூன்று ராஜா... கீழே வைப்பதா, வேண்டாமா?

திண்டிவனத்தில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 2024ஆம் வருடம். இரவு 11.45 மணி. அப்பா மல்லாட்டை வியாபாரி. விடிந்தால் மார்க்கெட் கமிட்டிக்குப் போக வேண்டும் என்பதால் எப்போதோ படுத்துவிட்டார். தங்கை விழுப்புரத்தில் இன்ஜினீயரிங் படிக்கிறாள். டூ வீலர் ஷோரூமில் வேலை பார்க்கும் 24 வயது மகன் மட்டும் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு விழித்திருக்கிறான். பாதிக் கண் திறந்த அப்பாவுக்கு அந்த வெளிச்சம் தெரிகிறது.

“இன்னும் தூங்கலியாடா?”

“இதோ ஆச்சுப்பா. ஒரே நிமிஷம்.”

அந்த ஒரு நிமிஷத்தில்தான் விஷயமே இருக்கிறது. திரையில் ஓடுவது போக்கர். அவன் கையில் இரண்டு ராஜா, நடுவில் இன்னொரு ராஜா. ஒரு ராத்திரி முழுக்க ஆடினாலும் இப்படி ஒரு கை சில தடவைதான் வரும். எதிரில் இருப்பவர், அதாவது பெயருக்குப் பதில் ஒரு புனைபெயரும் ஒரு பொம்மைப் படமும், 3,000 ரூபாய் பந்தயம் கட்டிவிட்டார். நம் பையனின் கணக்கில் மிச்சம் இருப்பதும் சரியாக 3,000தான். திரையின் ஓரத்தில் நொடிகள் குறைந்துகொண்டே வருகின்றன. ‘கால்’ என்று ஒரு பட்டன், ‘ஃபோல்டு’ என்று ஒரு பட்டன். பணம் கட்டி சீட்டைப் பார்ப்பதா, சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு விலகுவதா?

பதில் சொல்வதற்கு முன் ஆட்டத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும்.

ரம்மி தெரிந்தால் இதுவும் புரியும்

நம் ஊரில் சீட்டு என்றால் ரம்மி. பதின்மூன்று சீட்டு பிரித்ததும் கை மோசமாக இருந்தால் முதலிலேயே ‘டிராப்’ சொல்லிவிடலாம். ‘ஸ்கூட்’ என்றும் சொல்வார்கள். அதற்கு 20 பாயின்ட். ஆடத் தொடங்கிப் பாதியில் விலகினால் 40. கடைசிவரை ஆடித் தோற்றால் 80 வரை போகும். சீக்கிரம் விலகினால் நஷ்டம் குறைவு என்பதை இந்த மூன்று எண்களே சொல்லிவிடுகின்றன. கல்யாண வீட்டு மாடியில் ஜமுக்காளம் விரித்து ஆடும் பெரியவர்கள்கூட முதல் ரவுண்டில் கூச்சப்படாமல் கையைக் கவிழ்ப்பது அதனால்தான்.

போக்கரில் பரவலாக ஆடப்படும் ‘டெக்சாஸ் ஹோல்டெம்’ முறையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுதான். அது அவரவருக்கு மட்டும் தெரியும். பிறகு மேஜை நடுவில் முதலில் மூன்று, அடுத்து ஒன்று, கடைசியாக ஒன்று என்று ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கப்படும. இந்த ஏழில் சிறந்த ஐந்து யாரிடம் இருக்கிறதோ அவர் ஜெயித்தார். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் உண்டு. யார் பந்தயத்தை ஏற்றினாலும் மற்றவர் அதே அளவு கட்ட வேண்டும், அல்லது விலக வேண்டும்.

மோசமான சீட்டில் விலகுவது யாருக்கும் கஷ்டமில்லை. நல்ல சீட்டு இருக்கும்போது விலக வேண்டி வருவதுதான் இந்த ஆட்டத்தின் உண்மையான பரீட்சை.

45 சீட்டில் ஒன்பது ஆர்ட்டின்

நம் பையன் கையில் ஸ்பேடு ராஜா, கிளாவர் ராஜா. நடுவில் முதலில் வந்தவை ஆர்ட்டின் ராஜா, ஆர்ட்டின் எட்டு, டைமண்ட் மூன்று. மூன்று ராஜா சேர்ந்தாயிற்று. அந்த நிமிடம் அவனை வெல்லக்கூடிய கை வேறு யாரிடமும் இல்லை. அடுத்து விழுந்தது ஆர்ட்டின் ஜாக்கி. கடைசியில் ஆர்ட்டின் ஐந்து.

இப்போது நடுவில் நான்கு ஆர்ட்டின். எதிராளியின் இரண்டு சீட்டில் ஒன்றே ஒன்று ஆர்ட்டினாக இருந்தாலும் ஐந்து ஆர்ட்டின் சேர்ந்து ‘ஃப்ளஷ்’ ஆகிவிடும். ஃப்ளஷ்ஷுக்கு முன்னால் மூன்று ராஜா தோற்றுவிடும். இந்த மேஜையில் அவனை அடிக்க வேறு எந்தக் கையும் கிடையாது. கேள்வி ஒன்றே ஒன்றுதான்: அந்த ஆளிடம் ஆர்ட்டின் இருக்கிறதா?

கணக்கைப் பார்ப்போம். 52 சீட்டில் அவன் கண்ணுக்குத் தெரிவது ஏழு. மிச்சம் 45. அதில் ஒன்பது ஆர்ட்டின். எதிராளியின் இரண்டு சீட்டும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தவை என்று வைத்தால், அதில் ஒரு ஆர்ட்டினாவது இருக்க வாய்ப்பு 36 சதவீதம். நூற்றுக்கு 64 தடவை நம் பையனே ஜெயிப்பான்.

இனி பணத்தின் கணக்கு. ஏற்கெனவே நடுவில் சேர்ந்திருப்பது 3,000. எதிராளி கட்டியது 3,000. ஆக, அவன் 3,000 கட்டினால் 6,000 கிடைக்கலாம். மூன்று தடவை இப்படிக் கட்டி ஒரு தடவை ஜெயித்தால்கூட கைக்காசு போகாது. அதற்கு மேல் ஜெயித்தால் லாபம், குறைந்தால் நஷ்டம்.

64 சதவீதம் எங்கே, 33 எங்கே! கட்ட வேண்டியதுதானே என்று தோன்றும். அங்கேதான் வழுக்குகிறது. எதிராளி கண்ணை மூடிச் சீட்டு எடுத்தவர் அல்ல. முதல் மூன்று சீட்டில் இரண்டு ஆர்ட்டின் வந்தபோது பணம் கட்டிக் கூடவே வந்தவர். மூன்றாவது ஆர்ட்டின் விழுந்தபோதும் விலகாதவர். நான்காவது விழுந்த அடுத்த நொடியில், நடுவில் இருந்த மொத்தத் தொகைக்குச் சமமாகப் பந்தயத்தை ஏற்றியவர். இப்படிச் செய்கிற ஐந்து பேரில் நான்கு பேரிடம் ஆர்ட்டின் இருக்கும் என்று அவன் மதிப்பிட்டால், இதே கட்டத்தில் ஒவ்வொரு முறை கட்டும்போதும் சராசரியாக 1,200 ரூபாய் நஷ்டம். பாதிப் பேர் வெறும் மிரட்டல்காரர்கள் என்று மதிப்பிட்டால் சராசரியாக 1,500 லாபம்.

ஆக, மூன்று ராஜா என்பது நல்ல கையா என்ற கேள்விக்கு ராஜாவைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. எதிரில் இருப்பவர் இதுவரை என்ன செய்தார், இப்போது என்ன விலை கேட்கிறார் என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அப்பாவுக்குத் தெரிந்த கணக்கு

இந்த இடத்தில் பெரும்பாலானவர்களின் கை ‘கால்’ பட்டனுக்குப் போவதற்கு வேறொரு காரணம் உண்டு. “ஏற்கெனவே 1,500 போட்டுட்டேனே, இப்ப எப்படி விடறது?”

பக்கத்து அறையில் படுத்திருக்கும் அப்பா இந்தக் கேள்விக்கு வருடம் முழுக்கப் பதில் சொல்கிறவர். திண்டிவனத்துக்கும் மல்லாட்டைக்கும் உறவு பழையது. இங்கே இருக்கும் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ‘டி.எம்.வி.’ ரகங்களின் பெயரில் இருப்பது திண்டிவனத்தின் பெயர்தான். அந்த ஊர்ச் சந்தையில் மூட்டையை இறக்கும் விவசாயி, “எனக்கு அடக்கமே இவ்வளவு ஆச்சுங்க” என்பார். விதை, உரம், களையெடுப்பு, ஆள் கூலி எல்லாம் உண்மையான செலவுதான். ஆனால், சந்தை அதைக் கேட்டு விலை சொல்வதில்லை. இன்றைக்கு விற்பதா, காத்திருப்பதா என்பதை நாளைய விலையை யோசித்து முடிவு செய்யலாமே தவிர, போன மாதம் போட்ட உரத்தை நினைத்து முடிவு செய்தால் இரண்டு முறை நஷ்டம்.

போக்கரும் அதையே சொல்கிறது. நடுவில் போட்ட 1,500 இனி அவன் பணம் அல்ல. அது மேஜையின் பணம். அதைக் ‘காப்பாற்ற’ 3,000 கட்டுவது, கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கக் கயிற்றையும் சேர்த்து வீசுவது மாதிரி.

விலகினால் உண்மை தெரியாது

விலகுவதில் இன்னொரு கஷ்டமும் இருக்கிறது. எதிராளி சீட்டைக் காட்டத் தேவையில்லை. நாம் செய்தது சரியா, ஏமாந்தோமா என்பது பெரும்பாலும் தெரியாமலே போகும். அந்தக் குறுகுறுப்புக்குத்தான் பலர் பணம் கட்டுகிறார்கள்.

இதற்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம், 2003ஆம் வருடம் லாஸ் வேகாஸில் நடந்த உலகத் தொடரின் முக்கியப் போட்டி. 839 பேர் ஆடியதில் கடைசியில் எஞ்சியவர்கள் இரண்டு பேர். ஒருவர் சாமி ஃபர்ஹா என்ற தொழில்முறை ஆட்டக்காரர். இன்னொருவர் கிறிஸ் மனிமேக்கர். அமெரிக்காவின் டென்னசியைச் சேர்ந்த கணக்காளர். நூறு டாலருக்கும் குறைவான கட்டணத்தில் ஆன்லைன் தகுதிப் போட்டி ஆடி உள்ளே வந்தவர். முக்கியமான ஒரு ஆட்டத்தில் ஃபர்ஹாவிடம் ஒரு ஜோடி ஒன்பது இருந்தது. மனிமேக்கரிடம் ஒன்றுமே சேரவில்லை. ஆனாலும் கடைசிச் சீட்டு விழுந்ததும் தன்னிடம் இருந்த மொத்தத்தையும் நடுவில் தள்ளினார். ஃபர்ஹா நெடுநேரம் யோசித்தார். ஜெயித்துக்கொண்டிருந்த சீட்டைக் கீழே வைத்தார். மனிமேக்கர் பட்டத்தையும் 25 லட்சம் டாலரையும் வென்றார்.

ஃபர்ஹா செய்தது தப்பா? அந்த ஒரு ஆட்டத்தில் நஷ்டம். ஆனால், அவருக்குத் தெரிந்த தகவலை வைத்து எடுத்த முடிவு அது. சரியாக விலகியவர் சில சமயம் ஏமாந்தவர் போல் தெரிவார். தப்பாகக் கட்டியவர் சில சமயம் வீரர் போல் தெரிவார். ஒரு ஆட்டத்தை வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது என்பதுதான் போக்கரின் வசீகரம், ஆபத்தும் அதுவே. மனிமேக்கரின் வெற்றிக்குப் பிறகுதான் உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் ஆன்லைன் போக்கரில் குதித்தார்கள். எல்லோருடைய கண்ணிலும் பட்டது ஜெயித்தவரின் முகம்.

போனில் என்ன மாறுகிறது?

ஃபர்ஹாவுக்கு எதிரில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். முகம், கை, மூச்சு எல்லாம் தெரிந்தது. யோசிக்க நேரம் இருந்தது. போர்வைக்குள் இருக்கும் பையனுக்கு இருப்பது ஒரு பொம்மைப் படமும் சில நொடிகளும்.

நேரில் ஆடினால் சீட்டுக் கலைத்து, பிரித்துப் போட்டு, ஒரு மணி நேரத்தில் 25, 30 ஆட்டம் முடிந்தால் அதிகம். போனில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஓடும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று மேஜையில் ஆடுகிறவர்களும் உண்டு. ஒரு மாதத்தில் செய்யக்கூடிய தப்பை ஒரே ராத்திரியில் செய்து முடிக்கலாம்.

எதிரில் இருப்பது மனிதர்தானா என்பதும் தெரியாது. 2017 ஜனவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கார்னகி மெலன் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘லிப்ராட்டஸ்’ என்ற கணினி நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களுடன் 20 நாளில் 1,20,000 ஆட்டம் ஆடி, நான்கு பேரையும் தோற்கடித்தது. நிரலுக்கு ‘போட்டுட்டேனே’ என்ற தவிப்பு கிடையாது. விலக வேண்டிய இடத்தில் அது விலகும்.

இதற்கு மேல் ஆட்டத்தை நடத்தும் நிறுவனம் ஒவ்வொரு பந்தயத் தொகையிலும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். 2023 ஏப்ரல் 1 முதல் நிகர வெற்றித் தொகையில் 30 சதவீதம் வருமான வரிப் பிடித்தம் வந்தது. அதே வருடம் அக்டோபர் 1 முதல் ஆடக் கட்டும் முழுத் தொகைக்கும் 28 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்தது. நாலு பேர் ஆடி நாலு பேருக்குள்ளேயே பணம் சுற்றும் கல்யாண வீட்டு ஆட்டம் அல்ல இது. சுற்றும்போதே பணம் கரைந்துகொண்டிருக்கும்.

திறமையா, அதிர்ஷ்டமா?

தமிழ்நாட்டில் இந்த விளையாட்டு பற்றிய சண்டை நீதிமன்றங்களில் பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நடந்தது. ரம்மியில் பெரும்பங்கு திறமைதான் என்று 1968இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. பலர் பணத்தை இழந்து உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் வந்த நிலையில், 2020 நவம்பரில் தமிழக அரசு பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடை கொண்டுவந்தது. 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. அடுத்த ஆண்டு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டது. புதிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்ற, ஏப்ரலில் அது சட்டமானது. அதே ஆண்டு நவம்பர் 9 அன்று, சட்டம் செல்லும், ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டு என்று சேர்த்தது செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பிறகு 2025 பிப்ரவரியில் மாநில அரசு கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது. 18 வயதுக்குக் கீழ் கூடாது, ஆதார் சரிபார்ப்பு வேண்டும், நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆட்டம் கிடையாது. ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றம் இவை செல்லும் என்றது. ஆகஸ்ட் 22 அன்று நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் எந்த ஆன்லைன் ஆட்டத்தையும் நடத்தக் கூடாது என்கிறது அது. மீறி நடத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுகிறவர்களுக்குத் தண்டனை இல்லை. பெரிய நிறுவனங்கள் பண ஆட்டங்களை நிறுத்தின. சட்டத்தை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின.

போக்கரில் திறமை இருக்கிறது என்பது உண்மைதான். மேலே பார்த்த கணக்கே அதற்குச் சாட்சி. ஆனால், அந்தத் திறமையின் பெரும்பகுதி எப்போது ஆடக் கூடாது என்று தெரிவதில் இருக்கிறது. தூக்கம் இல்லாமல், நேற்று விட்டதைப் பிடிக்கிற வேகத்தில், நொடிகள் ஓடும்போது முதலில் காணாமல் போவதும் அந்தத் திறமைதான்.

அந்த 3,000 யாருடையது?

இப்போது பையனிடம் திரும்பலாம். இன்னும் சில நொடி இருக்கிறது.

கணக்கில் ஒரு விஷயம் விட்டுப்போனது. அந்த 3,000 எங்கிருந்து வந்தது? தங்கையின் செமஸ்டர் ஃபீஸுக்காக அப்பா அவன் கணக்கில் போட்டுவைத்த பணம் அது. ‘ஜெயித்ததும் திருப்பி வைத்துவிடலாம்’ என்று எடுத்தது.

33 சதவீதம், 64 சதவீதம் என்கிற கணக்கெல்லாம் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. இதே கட்டம் நூறு முறை வந்தாலும் நூறு முறையும் கட்டப் பணம் இருக்க வேண்டும். அப்போதுதான் சராசரி என்பதற்கு அர்த்தம் உண்டு. ஃபீஸ் பணம் ஒரே முறைதான் இருக்கிறது. கடைசித் தேதியும் ஒன்றுதான். அதை வைத்து ஆடுகிறவனுக்குச் சராசரி கிடையாது, அந்த ஒரு ஆட்டம் மட்டும்தான். எதிராளி மிரட்டுகிறார் என்று உறுதியாகத் தெரிந்தாலும், அந்தப் பணத்தை வைத்து அவன் மேஜையில் உட்கார்ந்திருக்கவே கூடாது. முதல் ஃபோல்டு அங்கே நடந்திருக்க வேண்டும்.

அங்கே நடக்கவில்லை என்றால், இங்கே நடக்கலாம். 1,500 போனது போனதுதான். ரம்மியில் பாதியில் விலகி 40 பாயின்டோடு எழுந்திருப்பதைப் போல, இந்த நேரத்தில் எழுந்தால் 3,000 மிச்சம். குறைவது 1,500. ஷோரூம் சம்பளத்தில் அடைக்கக்கூடிய ஓட்டை.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ராத்திரி போன் வெளிச்சம், அடிக்கடி ‘ஒரு ஆயிரம் இருக்குமா’ என்று கேட்பது, எடுத்த பணத்துக்குச் சரியான காரணம் சொல்லாதது, சும்மாவே எரிந்து விழுவது. இவை தெரிந்தால் “எவ்வளவு விட்டே?” என்று கத்துவதைவிட “எவ்வளவு இருந்தாலும் சொல்லு, பார்த்துக்கலாம்” என்று கேட்பது பலன் தரும். விட்டதை மறைக்க முடியும் என்ற நம்பிக்கைதான் அடுத்த பந்தயத்துக்குப் பணம் கொடுக்கிறது. தடை வந்த பிறகும் ‘இங்கே ஆடலாம்’ என்று லிங்க் அனுப்புகிறவர்கள் உண்டு. பணம் ஏமாந்தால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யலாம். மனது தாங்காமல் போனால் 14416 அல்லது 104 எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

திரையில் மூன்று நொடி. பையன் ‘ஃபோல்டு’ தொடுகிறான். மூன்று ராஜாவும் கவிழ்ந்து மறைகின்றன. எதிராளி சீட்டைக் காட்டவில்லை. ஆர்ட்டின் இருந்ததா, இல்லையா? அவனுக்குத் தெரியாது. எப்போதும் தெரியப்போவதில்லை. அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டு விழத் தொடங்குகிறது. அவன் போனை அணைக்கிறான்.

“அப்பா...”

“என்னடா?”

“காலையில உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்ப்பா. ஃபீஸ் பணத்துல 1,500 குறையுது.”

இருட்டில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அப்பாவின் குரல்.

“காலையில என்ன, இப்பவே சொல்லு.”